இஸ்திரிப் பெட்டிக்கு ஓர் இடம்

வீட்டில் தையலுக்கென்று ஒரு மூலையை ஒதுக்கியவர்கள் அதைச் சுற்றிக் காட்டும்போது பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் காட்டுகிறார்கள். முதலில் மெஷின். பிறகு நிறவாரியாக அடுக்கிய நூல்கண்டுகள், துணி அலமாரி, வெட்டும் மேசை. இஸ்திரிப் பெட்டி எங்கே என்று கேட்டால் ஒரு நொடி யோசிப்பார்கள். அது படுக்கையறையில் இருக்கும், அல்லது ஏதாவது கதவுக்குப் பின்னால் மடக்கிச் சாய்த்த பலகையோடு நிற்கும். "அது கடைசியில்தானே வேணும்" என்பார்கள். அந்தப் பதில் என்னை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. சட்டை தைக்கிறவர்கள்கூட இதைச் சொல்லி ஓரளவு சமாளிக்கலாம். சின்னச் சின்னத் துணித் துண்டுகளை ஒட்டிக் குவில்ட், அதாவது ஒட்டுப் போர்வை, தைக்கிறவர்களால் முடியாது. அங்கே மெஷினில் உட்காரும் நேரமும் இஸ்திரிப் பெட்டியோடு நிற்கும் நேரமும் ஏறக்குறைய சமம். பாதி வேலை நடக்கும் இடத்துக்கு வீட்டில் மிஞ்சிய இடத்தைக் கொடுத்தால் அந்தப் பாதி வேலை மிஞ்சிய வேலையாகத்தான் நடக்கும்.

என் சித்தி மகள் குவில்ட் தைக்கத் தொடங்கியபோது அவளும் இதையே சொன்னாள். அவள் வெட்டுவதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும், அத்தனை துல்லியம். ஆனால் நட்சத்திரக் கட்டம் (துண்டுகள் சேர்ந்து நட்சத்திரம்போல் தெரியும் பகுதி) மட்டும் சதுரமாக வரவே மாட்டேன் என்றது. முக்கோண முனைகள் ஓரத்தில் மொட்டையாகிவிடும், நான்கு மூலை சேரும் இடத்தில் ஒன்று விலகி நிற்கும். "அக்கா, வெட்டினதெல்லாம் அளவாத்தான் இருக்கு. தைச்சாத்தான் கோணுது. மெஷினை மாத்திரலாமா?" என்று கேட்டாள். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. ஓரத்தில் கால் அங்குலம் விட்டுப் போடும் தையலும் கோடு போட்டதுபோல் விழுந்தது. கோளாறு வேறு எங்கோ இருந்தது.

தேய்ப்பது வேறு, வைத்து எடுப்பது வேறு

சுருங்கிய வேட்டியையோ சட்டையையோ இஸ்திரி போடும்போது பெட்டியைத் தள்ளுகிறோம், இழுக்கிறோம். துணி ஏற்கெனவே தைத்து முடிந்த ஒன்று, அதற்கு ஒன்றும் ஆகாது. தையலுக்கு நடுவே அப்படித் தள்ளினால் துணி நீளும். பாவு இழை, ஊடை இழை இரண்டும் நேராகப் போகும் திசையில் பருத்தித் துணி கொஞ்சம்தான் விட்டுக்கொடுக்கும். கிராஸாக, அதாவது இரண்டு இழைக்கும் சாய்வாக வெட்டிய ஓரம் அப்படியில்லை, இழுத்த இழுப்புக்கு வரும். நட்சத்திரக் கட்டத்தில் சில சதுரங்கள் இரண்டு முக்கோணத்தை ஒட்டிச் செய்தவை. அவற்றின் நடுத்தையல் முழுக்கக் கிராஸ். ஆகவே பெட்டியைத் தூக்கி வைக்க வேண்டும், சில நொடி அழுத்த வேண்டும், தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். தள்ளவே கூடாது.

அதற்குள்ளும் ஒரு வரிசை உண்டு. தைத்த துண்டைப் பிரிக்காமல், தைத்தபடியே மடிந்த நிலையில் முதலில் தையல் மேல் பெட்டியை வைக்க வேண்டும். நூல் துணிக்குள் படிந்து, தைக்கும்போது விழுந்த சின்ன அலைகள் அமர்ந்துவிடும். பிறகு, இருண்ட துணி மேலே இருக்கும்படி வைத்து அதை விரித்து, நல்ல பக்கத்திலிருந்து அழுத்த வேண்டும். அப்போது தையலுக்கு விட்ட ஓரம் இருண்ட துணிப் பக்கமே சாய்ந்து விழும், வெளிர் துணிக்குப் பின்னால் நிழல் தட்டாது. அடுத்த வரிசையில் ஓரத்தை எதிர்ப்பக்கம் சாய்த்தால், இரண்டு வரிசையையும் சேர்க்கும்போது மேடும் பள்ளமும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும். விரல் நுனியால் தடவினாலே அது உட்கார்வது தெரியும். எட்டு முனைகள் ஒரே புள்ளியில் சேரும் இடத்தில் மட்டும் நான் ஓரத்தை இரண்டு பக்கமும் விரித்துவிடுவேன். ஒரே பக்கம் சாய்த்தால் அங்கே கட்டி மாதிரி மேடாகிவிடும்.

இரண்டு கட்டம், இரண்டு விதம்

இதையெல்லாம் வாயால் சொன்னபோது அவள் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். சரி என்று ஒரே துணியில் ஒரே அளவில் இரண்டு நட்சத்திரம் வெட்டினோம். நாலரை அங்குலச் சதுரங்கள் ஒன்பதை மூன்று வரிசையாகச் சேர்த்தால், ஓரத்தோடு பன்னிரண்டரை அங்குலம் வர வேண்டும். ஒன்றை அவள் வழக்கப்படி தைத்தாள்: எல்லாத் தையலையும் முடித்துவிட்டுக் கடைசியில் ஒரே இஸ்திரி. இன்னொன்றில் ஒவ்வொரு தையலுக்கும் எழுந்து, அழுத்தி, ஆறவிட்டு, அப்புறம்தான் அடுத்த தையல். மெஷின், ஊசி, நூல், தைத்த கை எல்லாம் ஒன்றுதான்.

முதல் கட்டம் பார்வைக்கு மொறுமொறுவென்று நன்றாகத்தான் இருந்தது. அளந்தபோது ஒரு பக்கம் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம் குறைந்தது. எதிர்ப்பக்கம் அந்தக் குறைவும் இல்லை, ஆகவே கட்டம் கோணலாக நின்றது. திருப்பிப் பார்த்தோம். குறுக்குத் தையல் கடக்கும் இடங்களில் ஓரம் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகப் புரண்டு முறுக்கியிருந்தது. படியாத ஓரத்தை மெஷினின் பல்லும் பாதமும் தங்கள் போக்குக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தன. மறுபடி நல்ல பக்கம் திருப்பி, ஒரு தையலை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தேன். தையலை ஒட்டி மயிரிழை போல ஒரு மடிப்பு. குண்டூசி முனையால் அதைக் கிளப்பியபோது உள்ளே இரண்டு மூன்று இழை அகலத்துக்குத் துணி ஒளிந்திருந்தது. தைத்தவுடன் விரித்து அழுத்தியிருந்தால் அது வெளியே வந்திருக்கும். அதற்குள் குறுக்குத் தையல் மேலே விழுந்து அந்த மடிப்பின் இரண்டு முனையையும் பூட்டிவிட்டது. அதன் மேல் எவ்வளவு சூட்டில் அழுத்தினாலும் மடிப்பு இன்னும் கூர்மையாகுமே ஒழியத் திறக்காது. பிரித்துத் தைத்தால்தான் உண்டு.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அங்கேதான் கணக்கைச் சொன்னேன். ஒரு தையலில் கால் நூல் இப்படி உள்ளே போகிறது என்று வையுங்கள், கண்ணுக்கே தெரியாது. பதினாறு கட்டம் கொண்ட வரிசையில் 15 தையல் வருகிறது. மொத்தம் கிட்டத்தட்ட அரை அங்குலம் காணாமல் போகும். பக்கத்து வரிசையில் அதே அளவு போகாது. அங்கே கொஞ்சம் குறைவாகவோ கூடுதலாகவோ போயிருக்கும். இரண்டையும் சேர்க்கும்போது இழுத்துப் பிடித்துத் தைக்கிறோம், குவில்ட் அலையடிக்கிறது. அரை அங்குலத்தை எந்தக் கடைசி இஸ்திரியும் திருப்பிக் கொடுக்காது. இரண்டாவது கட்டம் பன்னிரண்டரைக்குப் பன்னிரண்டரை வந்திருந்தது. அன்று சாயங்காலமே அவள் இஸ்திரிப் பலகையைத் தையல் அறைக்குக் கொண்டுவந்துவிட்டாள். மெஷினை மாற்றும் பேச்சும் அதோடு நின்றது.

சட்டைக் கைக்குப் பிறந்த பலகை

ஆனால் அந்தப் பலகையே அடுத்த தொல்லை. மடக்கு பலகை பொதுவாக 12 முதல் 18 அங்குல அகலம், ஒரு முனை கூம்பி இருக்கும். மேலே ஸ்பாஞ்ச், கீழே ஓட்டை போட்ட தகடு அல்லது கம்பி வலை. இந்த வடிவத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மின்சார இஸ்திரிப் பெட்டிக்கு ஹென்றி சீலி 1882-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பத்து ஆண்டு கழித்து, 1892 ஏப்ரல் 26 அன்று, அதே நாட்டில் நியூ ஹேவன் நகரில் உடை தைத்துப் பிழைத்த சாரா பூன் என்ற பெண் இஸ்திரிப் பலகை ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண். பெண்களின் உடையில் கைப்பகுதியையும் உடல்பகுதியையும் மாட்டித் தேய்ப்பதற்கென்று ஒடுக்கமாக, வளைவாக அவர் அதை அமைத்தார். தன் வேலை என்ன கேட்கிறது என்று அறிந்து செய்த கருவி அது. அந்தத் தெளிவின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதே தெளிவோடு பார்த்தால், குவில்ட்டுக்கு வேண்டியது வேறு ஒன்று என்பது தெரிந்துவிடும். நமக்கு மாட்டுவதற்குக் கையும் இல்லை, உடலும் இல்லை. சதுரம் மட்டுமே இருக்கிறது.

குவில்ட் துணியின் அகலம் பெரும்பாலும் 42 முதல் 44 அங்குலம். ஒடுங்கிய பலகையில் அதன் பாதி தொங்கும், தொங்குகிற எடை மேலே இருக்கும் பாதியை இழுக்கும். கூம்பிய முனையில் கட்டத்தின் மூலைகள் ஆதாரமில்லாமல் நிற்கும். ஸ்பாஞ்ச் மெத்தென்று இருப்பதால் அழுத்தும்போது தையல் அதற்குள் புதைந்து, எடுத்ததும் பழையபடி எழுந்துவிடும். எனவே அகலமான, தட்டையான, கெட்டியான, ஆனால் ஆவியை உள்வாங்கும் பரப்பு வேண்டும். 8-க்கு 4 பிளைவுட் பலகையில் கால் பங்கு, அதாவது நான்கடிக்கு இரண்டடி, இதற்கென்றே அளவெடுத்தது போல இருக்கும். 48 அங்குல நீளத்தில் துணியின் முழு அகலமும் அடங்கிவிடும். 18 மி.மீ. கனம் எடுத்தால் ஈரத்தில் சுலபமாக வளையாது. அதன் மேல் சுத்தமான பருத்திப் பஞ்சு விரிப்பு இரண்டு அடுக்கு, அல்லது பழைய கம்பளிப் போர்வை. பாலியெஸ்டர் விரிப்பு வேண்டவே வேண்டாம், சூட்டில் சப்பையாகி இறுகிவிடும். அதற்கும் மேல், துவைத்துச் சுருங்கவிட்ட கெட்டிப் பருத்தித் துணி. கேன்வாஸ் மாதிரி இருந்தால் நல்லது. சாயம் ஏறாதபடி வெள்ளையோ பழுப்போ போதும். நான்கு பக்கத்திலும் நடுவிலிருந்து தொடங்கி மூலைகளை நோக்கி அடிப்பக்கமாக ஸ்டேப்பிள் அடித்துக்கொண்டு போனால் துணி கோணாமல் இறுகும்.

கட்டம் அச்சடித்த மேலுறை போட்டு, அதை வைத்தே அளவும் பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. மேலுறையை இழுத்து அடிக்கும்போதே அந்தக் கோடுகளும் சேர்ந்து நீளும். அளப்பதற்குத் தெளிவான பிளாஸ்டிக் ஸ்கேல் இருக்கிறது, அது போதும். அப்புறம், துணி வெட்டும்போது அடியில் போடும் பிளாஸ்டிக் விரிப்பை இந்தப் பலகைக்கு அடியிலோ மேலேயோ தற்காலிகமாகக்கூட வைக்காதீர்கள். சூடு பட்டால் அது நெளிந்துவிடும், பிறகு பழையபடி தட்டையாக்குவது கடினம்.

பலகையின் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நிமிர்ந்து நின்று, கையை மடக்கினால் முழங்கை எங்கே வருகிறதோ, பலகை அங்கே அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் முதுகு வளையும், உயர்ந்தால் தோளால் பெட்டியைத் தூக்க வேண்டிவரும்.

ஆறவிடுவதுதான் பாதி

எல்லோரும் சூட்டைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குச் சூட்டைவிட ஆறுவது முக்கியமாகப் படுகிறது. பருத்தி என்பது செல்லுலோஸ். அதன் நீண்ட சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பக்கவாட்டில் பிடித்துவைத்திருக்கின்றன. ஈரமும் சூடும் சேர்ந்து அந்தப் பிணைப்புகளைத் தளர்த்துகின்றன, இழை புதிய நிலைக்கு வளைகிறது. ஈரம் போய் ஆறும்போது பிணைப்புகள் மறுபடி உருவாகி அந்தப் புதிய நிலையிலேயே இழையைப் பிடித்துவிடுகின்றன. துவைத்துச் சுருட்டிப் போட்ட துணியில் சுருக்கம் விழுவதும் இதே காரணத்தால்தான். அப்படியானால் மடிப்பு உண்மையில் நிலைப்பது பெட்டியை எடுத்த பிறகு வரும் அந்தச் சில நொடிகளில். சுடச்சுட எடுத்து மடித்தால், அழுத்திய பலனில் பாதி போய்விடும். கிராஸ் ஓரத்தை அப்போது தூக்கினால் துணி நீண்டு, நீண்டபடியே நின்றுவிடும்.

தையற்கலைஞர்கள் இதற்காகவே மரக்கட்டை ஒன்று வைத்திருப்பார்கள். கெட்டியான மரம், வார்னிஷ் பூசாதது, உள்ளங்கைக்கு அடக்கமானது. பெட்டியை எடுத்தவுடன் அதைத் தையல் மேல் வைத்து அழுத்துவார்கள். மரம் சூட்டையும் ஆவியையும் உறிஞ்சிக்கொள்ளும். கட்டையை எடுத்தால் தையல் காகித மடிப்பு மாதிரி தட்டையாக இருக்கும். விலையுயர்ந்த பெட்டியை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் இந்தக் கட்டையைத்தான் சொல்வேன். கையில் இருக்கும் சாதாரணப் பெட்டியே இதனோடு சேர்ந்தால் அருமையாக வேலை செய்யும். பலகையின் இடதுபக்கம் ஒரு முழம் இடத்தைக் காலியாக விட்டால், அழுத்திய துண்டுகளை வரிசையாகப் பரப்பி ஆறவைக்கவும் வசதி.

நீராவியைப் பற்றி எனக்கும் சித்தி மகளுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. துண்டுகளைச் சேர்க்கும்போது நான் உலர்ந்த சூட்டை மட்டுமே பயன்படுத்துகிறேன். ஈரம் பட்ட துணி சுலபமாக உருக்குலையும் என்பது என் கட்சி. வெட்டுவதற்கு முன்பே துணிக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கிவிட்டால் பிறகு நீராவி தேவைப்படுவதில்லை. அவளுக்கு நீராவி இல்லாமல் திருப்தி வராது. கையை அசைக்காமல் நேராக வைத்து நேராக எடுக்கும் பக்குவம் அவளுக்கு வந்துவிட்டதால் அவளுடைய கட்டங்களும் அளவாகவே வருகின்றன. ஒன்று மட்டும் இருவரும் ஒப்புக்கொண்டோம்: கட்டம் முழுதாக முடிந்த பிறகு நீராவி காட்டுவதில் தப்பில்லை.

சூட்டின் அளவைப் பெட்டியில் உள்ள புள்ளிகளே சொல்லும். ஒரு புள்ளி அதிகபட்சம் 110 டிகிரி செல்சியஸ், இரண்டு 150, மூன்று 200. பருத்திக்கு மூன்று புள்ளி. பாலியெஸ்டர் நூல் உருகுவதற்கு 250 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் பருத்தியோடு அதுவும் தாக்குப்பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத நைலான் நூலால் தைத்திருந்தால் சூட்டைக் குறையுங்கள்.

பக்கத்திலா, தள்ளியா

இஸ்திரி இடம் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமா, தள்ளி இருக்க வேண்டுமா? இந்தக் கேள்வியில்தான் என் மனம் அதிகம் ஊசலாடியது. தள்ளி வைக்கச் சொல்பவர்களின் காரணம் நியாயமானது. மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்திருப்பவர்கள் அவ்வப்போது எழுந்து நடப்பது முதுகுக்கும் கண்ணுக்கும் நல்லது. ஆனால் ஒவ்வொரு தையலுக்கும் அடுத்த அறைக்குப் போக வேண்டும் என்றால் என்ன நடக்கும்? இரண்டாவது தையலிலேயே "இன்னொண்ணு சேர்த்துத் தைச்சுட்டுப் போலாம்" என்று தோன்றும். ஐந்தாவது தையலில் குறுக்குத் தையலும் விழுந்திருக்கும். மனித இயல்பு அப்படி. அதைத் திட்டிப் பயனில்லை, இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

கடைசியில் நான் வந்து நின்ற இடம் இது. பலகை மெஷினுக்குச் செங்குத்தாக, நாற்காலியிலிருந்து எழுந்து திரும்பினாலே எட்டும் தூரத்தில் இருக்கட்டும். உயரம் மட்டும் நின்று செய்யும் உயரமாக இருக்கட்டும். அப்போது நடக்க வேண்டியதில்லை, ஆனால் எழுந்தே ஆக வேண்டும். ஒரே மாதிரித் துண்டுகளை நூல் அறுக்காமல் சங்கிலியாகத் தொடர்ந்து தைத்துவிட்டு, மொத்தமாக எழுந்து ஒன்றொன்றாக அழுத்தலாம். தையல்கள் ஒன்றையொன்று கடக்காதவரை அதில் குறையில்லை. எழுந்து நிற்பதே சிரமமாக உள்ளவர்கள் மெஷின் அருகில் அரை அங்குலக் கனக் கம்பளி விரிப்பு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அது சூட்டைத் தேக்கி அடியிலிருந்தும் கொடுக்கும். நீராவியை மட்டும் அதில் அளவோடு காட்டுங்கள், ஈரம் கீழே இறங்கும்.

மின்சாரத்தையும் அப்போதே யோசித்துவிடுங்கள். 2000 வாட் பெட்டி 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். 1500 வாட் பெட்டி 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர். மெல்லிய நீட்டிப்பு வயர் அதைத் தாங்காது, சூடாகும். சுவரில் உள்ள பிளக்கிலேயே நேராகச் செருக வேண்டும், மெஷினுக்கு வேறு பிளக் இருக்க வேண்டும். வயர் நடக்கும் பாதையில் கிடக்கக் கூடாது. தானாக அணையும் பெட்டி தையலுக்கு நடுவே எரிச்சலூட்டும் என்று பலர் குறைப்படுகிறார்கள். எனக்கும் அந்த எரிச்சல் உண்டு, ஆனாலும் அதையே வைத்திருக்கிறேன். கவனமெல்லாம் மெஷினில் இருக்கும்போது முதுகுக்குப் பின்னால் 200 டிகிரி சூட்டில் ஒன்று நிற்கிறது.

பலகை செய்ய நேரமோ இடமோ இல்லாதவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆடாத மேசை ஒன்றில் கம்பளிப் போர்வையை நான்காக மடித்துப் போட்டு, மேலே ஒரு பருத்தித் துணியைச் சுருக்கமில்லாமல் விரித்தால் இன்றைக்கே தொடங்கிவிடலாம். மேசை வார்னிஷ் பூசியதாக இருந்தால் போர்வைக்கு அடியில் ஒரு பிளைவுட் துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். சூடும் ஈரமும் சேர்ந்தால் வார்னிஷில் வெள்ளைத் தழும்பு விழும்.